தாராவி மகளிர் குழுவுக்கு: கணக்கெடுக்கப் போகும் முன் இதைப் படியுங்கள்

தாராவியில் இருக்கும் ஒரு தமிழ் மகளிர் குழுவிலிருந்து வந்த கேள்வி இது: “எங்கள் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். ரத்தசோகை, வெள்ளைப்படுதல், குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், ராத்திரி கழிப்பறைக்குப் போகப் பயம், எல்லாமே எங்கள் சந்துகளில் உண்டு. அடுத்த வருஷத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தால், ‘முதலில் டேட்டா எடுங்கள்’ என்கிறார்கள். அரசாங்கத்திடம் இல்லாத டேட்டாவா? நாங்கள் எடுத்தால் யார் மதிப்பார்கள்? எங்கிருந்து தொடங்குவது, அக்கா?”

மும்பையின் குடிசைப் பகுதிகளில் பல வருஷம் சுகாதாரக் களப்பணி செய்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

டேட்டா எடுங்கள் என்று சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எந்த டேட்டா, யாரிடம், எதற்காக என்று சொல்லாமல் விட்டுவிட்டார். ரத்தசோகையைத் தப்பாக எண்ணினால் கொஞ்சம் மாத்திரை வீணாகும். அடி வாங்குவதைத் தப்பான முறையில் கேட்டால், கேட்ட அன்று ராத்திரியே அந்தப் பெண்ணுக்கு அடி விழும். இரண்டையும் ஒரே படிவத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகாதீர்கள்.

அரசாங்கத்திடம் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. 18 முதல் 49 வயது வரையிலான, கல்யாணம் ஆன பெண்களில் கணவனின் வன்முறையை எப்போதாவது அனுபவித்தவர்கள் இந்திய அளவில் 29.3 சதவீதம். மகாராஷ்டிராவில் 25.2, தமிழ்நாட்டில் 38.1. இந்திய அளவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

இதில் ரத்தசோகைக்கு மாவட்டக் கணக்கு உண்டு. மும்பை நகரம், மும்பை புறநகர் என்று தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். வன்முறைக்கு அது கிடையாது. அந்தக் கேள்விகளை எல்லா வீட்டிலும் கேட்பதில்லை. தேர்ந்தெடுத்த சில வீடுகளில், வீட்டுக்கு ஒரு பெண்ணிடம், அதுவும் தனிமை கிடைத்தால் மட்டும்தான் கேட்கிறார்கள். அவ்வளவு குறைந்த எண்ணிக்கையை வைத்து மாநிலத்துக்குத்தான் சதவீதம் போட முடியும். மும்பை மாவட்டத் தாளை எடுத்துப் புரட்டினால் வன்முறை என்ற வரியே இருக்காது. மகாராஷ்டிராவின் 25.2 என்பது கட்சிரோலிக் காட்டிலிருந்து மும்பைக் கொலாபா வரை சேர்த்த சராசரி. நம் சனம் திருநெல்வேலிப் பக்கம் என்பதற்காகத் தமிழ்நாட்டு எண்ணைக் கொண்டுவந்து தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் ஒட்டவும் முடியாது. ஆகவே, “அரசாங்கத்திடம் இல்லாததா?” என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: உங்கள் சந்து அளவுக்கு இல்லை.

காவல் துறைக் கணக்கு இன்னும் குழப்பும். ஒரே புகாரில் பல குற்றங்கள் இருந்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதில் பெரிய குற்றத்தை மட்டும்தான் எண்ணும். கணவன் வீட்டாரின் கொடுமை என்ற பிரிவு (பழைய 498ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85) இன்னொரு பெரிய குற்றத்தோடு வந்தால், கணக்கில் காணாமல் போய்விடும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு காவல் நிலையத்துக்குப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் பெண் அதிகாரி ஒருவர் வந்தால், அங்கே புகார் எண்ணிக்கை ஏறும். அதைப் பார்த்து ‘வன்முறை கூடிவிட்டது’ என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். கூடியது நம்பிக்கை.

அதே குடும்பநல ஆய்வில், எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வேறு ஒரு எண். உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்த பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். அப்படியென்றால் புகார் ஏட்டிலும் ஆஸ்பத்திரி ஏட்டிலும் நாம் பார்ப்பது கொஞ்சம் பேரை மட்டும்தான். அதனால் எந்தச் சந்தில் எண்ணிக்கை குறைவாக வருகிறதோ, அதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கணக்கெடுப்புக்காக நாங்கள் சில சந்துகளில் போய்க் கேட்டோம். ஒரு சந்தில் ஒரு பெண்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. பிரச்சினை இல்லாத சந்து என்றே அறிக்கையில் எழுத இருந்தோம். அது இட்லி அவித்து விற்கிற குடும்பங்கள் இருந்த சந்து. பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அவிப்பார்கள். ஆண்கள் அண்டாவை சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் போய் விற்றுவிட்டு வருவார்கள். நாங்கள் போனது காலை பதினோரு மணிக்கு. வீட்டு வேலை முடிந்து பெண்கள் ஓய்வாக இருக்கும் நேரம் என்று நினைத்துக்கொண்டு போனோம். அந்தச் சந்துக்கு அது ஆண்கள் திரும்பி வந்து தூங்குகிற நேரம். பத்துக்குப் பத்து அறை. பாயில் படுத்திருக்கிறவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு, “உங்க வீட்டுக்காரர் அடிப்பாரா?” என்று கேட்டிருக்கிறோம். சில நாள் கழித்து, குழாயடியில் இட்லித்தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலை நிமிராமலே சொன்னாள்: “அக்கா, நீங்க வந்தப்போ அவர் முழிச்சுத்தான் இருந்தார்.”

எங்கள் படிவத்தின் மொழியும் காலை வாரியது. இந்தியில் அச்சடித்த படிவம். ‘கரேலு ஹிம்சா’ (இந்தியில் குடும்ப வன்முறை) உண்டா என்று அதில் கேட்டிருந்தது. நம் பெண்களின் காதில் அது ‘இம்சை’ என்று விழுந்தது. “இம்சைன்னா பிள்ளைங்கதான் பண்ணுதுங்க” என்று ஒரு அம்மா சொன்னதை, எங்களோடு படிவம் நிரப்ப வந்த இந்திக்காரப் பெண் ‘ஆம்’ என்று குறித்துவிட்டாள். தமிழில் ‘வன்முறை’ என்று கேட்டால் மட்டும் சரியாகிவிடுமா? ஆகாது. வன்முறை என்றால் டிவியில் காட்டும் கலவரம் என்று நினைப்பவர்கள் நிறைய. கோபத்தில் விழும் ஒரு அறைக்கு அவர்கள் அகராதியில் அந்தப் பெயர் இல்லை. அதனால்தான் நல்ல ஆய்வுகளில் பெயரைக் கேட்பதில்லை, நடந்ததைக் கேட்கிறார்கள். பிடித்துத் தள்ளினாரா? கன்னத்தில் அறைந்தாரா? கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா? உதைத்தாரா? கழுத்தை நெரித்தாரா? சூடு வைத்தாரா? அப்புறம், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் வீட்டுச் செலவுக்குக் காசு தராமல் நிறுத்துவதும்கூட 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வன்முறைதான். உடல், பாலியல், வாய்ச்சொல்லும் மனமும், பொருளாதாரம் என்று நான்கு வகையையும் சட்டம் சொல்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, நான் உங்களுக்குத் தரும் யோசனை இதுதான்: இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு நீங்கள் வீடு வீடாகப் போக வேண்டாம். உங்களில் ஒருத்தி கேட்டால், அடுத்த வீட்டுக்காரி கேட்பதாகத்தான் ஆகும். இன்றைக்குச் சொன்னவளை நாளைக்குத் தண்ணீர் வரிசையில் பார்க்க வேண்டும். அவள் நாத்தனார் உங்கள் குழுவிலேயே இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2001இலேயே இதற்கு நெறிமுறை எழுதி வைத்திருக்கிறது. பெண்ணின் பாதுகாப்புதான் முதலில், புள்ளிவிவரம் அதற்குப் பிறகு. கேட்பவருக்குப் பயிற்சி வேண்டும், தனிமை வேண்டும், ஆமாம் என்று சொன்னால் அடுத்த நிமிஷம் அனுப்பி வைக்க ஒரு இடம் வேண்டும். ‘எத்தனை பேர்’ என்பதை அப்படிப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். நீங்கள் திட்டம் போட அந்த எண் தேவையே இல்லை. பத்தில் மூன்றா நான்கா என்று தெரிந்தால் நீங்கள் செய்யப்போவது மாறுமா? மாறாது.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு சிறுமி பாலியல் கொடுமை பற்றிச் சொல்லிவிட்டால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, அது தெரிய வந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்ல வேண்டிய நிலைமை வந்தால், அந்தப் பிள்ளை வாழ்நாளுக்கும் பெரியவர்களை நம்பாது. யாருக்கும் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள்.

சரி, பிறகு எதைத்தான் எண்ணுவது?

யாரையும் வாய் திறக்கச் சொல்லாமல் எண்ணக்கூடியவை நிறைய இருக்கின்றன. கழிப்பறையிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு பொதுக் கழிப்பறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெண்கள் பக்கம் எத்தனை அறை, எத்தனையில் கொக்கி சரியாக மாட்டுகிறது, பல்பு எரிகிறதா, ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், பொறுப்பாளர் எங்கே உட்காருகிறார், வாசலில் யார் நின்று சீட்டாடுகிறார்கள். காலை ஐந்துக்கும் ராத்திரி பத்துக்கும் இரண்டிரண்டு பேராகப் போய், இரண்டு வாரம் குறித்தால் போதும். இது பாதுகாப்புக் கணக்கு மட்டும் இல்லை. ராத்திரி போகப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நீர்க்கடுப்பு என்று மாத்திரை வாங்குவார்கள், குணமாகும், அடுத்த மாதம் திரும்ப வரும். மருந்துக் கடைக்கும் கழிப்பறைக் கொக்கிக்கும் இருக்கும் தொடர்பை ஒரு நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் எந்த அதிகாரிக்கும் புரியும்.

அடுத்தது, சேவைகளை எண்ணுவது. மாநகராட்சியின் சிறு சுகாதார நிலையமான ஹெல்த் போஸ்டில் இரும்புச்சத்து மாத்திரை எந்தெந்த மாதம் இருந்தது, எந்த மாதம் ‘தீர்ந்துவிட்டது’ என்றார்கள்? பெண் டாக்டர் எந்தக் கிழமை வருகிறார்? வீட்டு வேலைக்கும் பட்டறைக்கும் போகிற பெண் திரும்பி வரும்போது கதவு திறந்திருக்கிறதா? கர்ப்பிணிக்கு 180 நாள் மாத்திரை என்பது அரசுத் திட்டம். கொடுத்த மாத்திரைக்கு ஏட்டில் கணக்கு உண்டு. விழுங்கிய மாத்திரைக்கு இல்லை. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க முடியும். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தியவள் இருப்பாள். குழந்தை கறுத்துப் பிறக்கும் என்று மாமியார் சொன்னதைக் கேட்டு நிறுத்தியவள் இருப்பாள். வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்தியவளும் இருப்பாள். காரணத்துக்கு ஏற்றபடி செய்ய வேண்டியது மாறுகிறது. மாமியார் காரணம் என்றால் கூட்டத்துக்கு மருமகளைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை முகாம் வைத்து ஹீமோகுளோபின் பார்ப்பதும் நல்லதுதான். 100 மில்லி ரத்தத்தில் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஆனால் முகாமுக்கு வந்தவர்களை வைத்து சந்துக்கே சதவீதம் போடாதீர்கள். வராதவர்கள் யார் என்று எழுதுங்கள். கடைசியாகச் சாப்பிடுகிறவள், வெளியே போக அனுமதி கேட்க வேண்டியவள், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவள்தான் பெரும்பாலும் வந்திருக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரி ஏடு தனி உலகம். தாராவி வீடுகளில் மாடி அறைக்குப் போகும் இரும்பு ஏணி எவ்வளவு செங்குத்து என்று உங்களுக்கே தெரியும். உண்மையாகவே அதிலிருந்து விழுகிறவர்கள் உண்டு. அதனாலேயே ‘ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன்’ என்பதை எந்த டாக்டரும் உடனே நம்பிவிடுகிறார். மூன்றாவது தடவையும் அதே பெண் அதே ஏணியிலிருந்து விழுந்தால் யாராவது தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இந்த எண்ணத்தில்தான் 2000இல் மாநகராட்சியும் சேஹத் என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரியில் ‘திலாசா’ என்ற மையத்தைத் தொடங்கின. இந்தியில் திலாசா என்றால் ஆறுதல், தைரியம். அங்கே நர்ஸும் டாக்டரும் காயத்தைப் பார்த்துச் சந்தேகப்படவும், தனியாக விசாரிக்கவும், ஆலோசகரிடம் அனுப்பவும் பயிற்சி பெற்றார்கள். பிறகு மற்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளுக்கும் இது பரவியது. காவல் துறையில் புகார் கொடுக்காத பெண்ணும் காய்ச்சல், தலைவலி, வெள்ளைப்படுதல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். தாராவிக்குப் பக்கத்திலிருக்கும் சயன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய ஸ்நேகா அமைப்பும் பெண்கள் மீதான வன்முறை பற்றித் தாராவியில் வேலை செய்துகொண்டிருக்கிறது. ‘சங்கினி’ என்று அழைக்கப்படும் பகுதிப் பெண்கள், தங்கள் கண்ணில் படுகிற சம்பவங்களைச் செல்போன் செயலியில் பதிவு செய்து உதவிக்குச் சேர்த்துவிடும் வேலையை அங்கே செய்திருக்கிறார்கள். நீங்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. போய்ப் பேசுங்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்லி உங்களிடம் யாராவது வரைபடம் வரையச் சொல்லக்கூடும். வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற அறுவை மருத்துவர், அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் எங்கே, எப்போது, எதனால் என்று பெயரில்லாமல் கேட்டு எழுதி, அதைக் காவல் துறையோடும் நகராட்சியோடும் பகிர ஏற்பாடு செய்தார். அடிதடியால் ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால் அங்கே நன்றாகக் குறைந்ததாக 2011இல் ஆய்வு வெளியானது. அருமையான வேலை. ஆனால் அது மதுக்கடை வாசலுக்கும் தெருமுனைக்கும் பொருந்தும். வீட்டுக்குள் விழும் அடிக்கு ‘எங்கே’ என்று புள்ளி வைத்தால், அந்தப் புள்ளி ஒருத்தியின் வீட்டுக் கதவு. இருட்டுச் சந்துக்கும் கழிப்பறைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் வரைபடம் வரையுங்கள். வீட்டுக்கு வேண்டாம்.

உங்களிடம் தானாக வந்து சொல்கிறவர்களுக்கு ஒரு தனி நோட்டு போடலாம். பெயர், வீட்டு எண், சந்து, போன் எதுவும் அதில் வேண்டாம். எந்த மாதம், சுமாராக என்ன வயது, என்ன நடந்தது, என்ன உதவி கேட்டாள், எங்கே அனுப்பினோம், அங்கே வேலை நடந்ததா, திருப்பி அனுப்பினார்களா. கடைசி இரண்டும்தான் திட்டத்துக்குப் பொன்னானவை. கழுத்தை நெரித்தார் என்று ஒருத்தி சொன்னால் நோட்டை மூடிவிடுங்கள். பின்னால் கொலை வரைக்கும் போகக்கூடிய ஆபத்துக்கு அது மிகத் தெளிவான அறிகுறி. வெளியே காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், அன்றைக்கு ராத்திரி அவள் எங்கே தூங்குவாள் என்று பேசுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181, மும்பை போலீஸின் 103 மூன்றும் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

எண்களை வெளியே சொல்லும்போது ஐந்துக்குக் குறைவான எதையும் சந்துப் பெயரோடு சொல்லாதீர்கள். ‘கோயில் சந்தில் ஒருத்தி’ என்றால் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஐந்தாறு சந்துகளைச் சேர்த்துச் சொல்லுங்கள், அல்லது ஒரு வருஷத்துக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.

தாராவிக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து, நோட்டும் பேனாவுமாக யார் வந்தாலும் வீட்டுக்காகத்தான் வருகிறார்கள் என்று சனம் நினைக்கிறது. கீழ் வீடா மேல் வீடா, 2000க்கு முன்னாலிருந்தே இருக்கிறீர்களா என்பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே நிற்கிறது. அந்த பயத்தில் வாடகைக்கு இருக்கிறவர்களை மறைப்பார்கள், இல்லாதவர்களைச் சேர்த்துச் சொல்வார்கள். ஆகவே கதவு எண் எழுதாதீர்கள், ஆதார் பார்க்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். கேட்பவர்களிடம் நோட்டைத் திறந்தே காட்டுங்கள்.

‘யார் மதிப்பார்கள்?’ என்று கேட்டிருந்தீர்கள். ‘பெண்கள் பாதுகாப்பில்லாமல் இருக்கிறார்கள்’ என்று மனு கொடுத்தால், தாதரில் இருக்கும் ஜி வடக்கு வார்டு அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ‘இந்தக் கழிப்பறையில் பெண்கள் பக்கம் இத்தனை அறை, பதினான்கு நாளில் இத்தனை நாள் விளக்கில்லை, இத்தனை கதவில் கொக்கியில்லை’ என்று தேதி போட்டுக் கொடுத்தால், யாராவது ஒருவர் பதில் எழுத வேண்டியிருக்கும். எழுதாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பிரஜா அறக்கட்டளை இப்படிக் கேட்டு வாங்கிய தகவல்களை வைத்துத்தான் மும்பையின் சுகாதாரம், குற்றம் பற்றி வருஷா வருஷம் அறிக்கை போடுகிறது. மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரியில் தாக்கலாகும். அதில் ஏதாவது நுழைய வேண்டுமென்றால் உங்கள் தாள் தீபாவளிக்குள் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. கணவன் அடிக்கடி போதையில் இருக்கும் வீடுகளில் பத்துக்கு ஏழு பெண்கள் அடி வாங்கியிருக்கிறார்கள் என்று குடும்பநல ஆய்வே சொல்கிறது. குடிக்காத கணவன்மாரிடம்கூட, நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான பெண்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். சாராயத்தை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று திட்டம் போடுவதற்கு முன்னால் இந்த இரண்டாவது எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இட்லிச் சந்துக்கு நாங்கள் பிறகு படிவமில்லாமல் போனோம். சாயங்காலம் நாலு மணி. ஆண்கள் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருப்பார்கள், வீட்டுக்கு வீடு கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்து அறைக்கு ஒன்றும் கேட்காது. அங்கன்வாடியில் எந்தக் கிழமை நாங்கள் இருப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். முதலில் இரண்டு பேர் வந்தார்கள், அப்புறம் அவர்கள் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், ஒவ்வொரு சந்துக்கும் அப்படிப்பட்ட நேரம் எது என்று எழுதுங்கள். கழிப்பறைப் பக்கங்கள் அதற்கு அடுத்தபடியாக வரட்டும்.